இணைவரி வண்டு: ஒரு சிற்றுயிரும் அதன்மேல் எழுந்த வழக்கும்



தமிழ் இலக்கியத்தில் மலர் பேசப்படும் இடமெல்லாம் வண்டும் பேசப்படும். வண்டு, சுரும்பு, தும்பி, ஞிமிறு, அளி என அதற்கு வழங்கிய பெயர்கள் பல. உயிர்களை அறிவின் வகையால் பகுக்கும் தொல்காப்பிய மரபியல், தும்பியை நண்டோடு சேர்த்து நான்கறிவுயிர் என வைக்கின்றது. ஆயினும் இலக்கியத்தில் உலவும் வண்டு பெரும்பாலும் தேனை நாடும் வண்டு. யாழிசை போல் ஒலிக்கும் வண்டு. பூவை விடுத்து இலையை மட்டும் உண்டு, ஓசையின்றி வாழ்ந்து மடியும் வண்டு புலவர்தம் கண்ணை அவ்வளவாகக் கவரவில்லை.

இன்றைய விலங்கியல் தமிழில் ‘வண்டு’ என்னும் சொல் வேறொரு பொருளையும் ஏற்றுள்ளது. முன்னிறகுகள் தடித்து ஓடுபோல் முதுகை மூடியிருக்கும் பூச்சியினம் முழுவதற்கும் அதுவே பொதுப்பெயர். காண்டாமிருக வண்டு, பொறிவண்டு, பொன்வண்டு, கூன்வண்டு என்னும் பெயர்கள் அவ்வழி வந்தவை. அவ்வினத்துள் இலைவண்டுக் குடும்பம் மிகப் பெரியது. இதுவரை 35,000க்கு மேற்பட்ட சிறப்பினங்கள் அறிவியலார் ஏட்டில் ஏறியுள்ளன. அவற்றுள் பெரும்பகுதி வெப்ப மண்டலத்தைச் சார்ந்தவை. அக்குடும்பத்துச் சிற்றுயிர் ஒன்றே இவ்வுரையின் பொருள். அது பிறந்த நாடு மெக்சிகோ. புகுந்த நாடு இந்தியா. வந்த சில ஆண்டுகளுக்குள் அதன்மேல் ஒரு வழக்கும் எழுந்தது. அவ்வழக்கு எவ்வாறு எழுந்தது, எவ்வாறு தீர்ந்தது என்பது சொல்லாராய்ச்சி செய்வார்க்கும் பயன் தருவது.

உருவும் வாழ்வும்

இவ்வண்டின் அறிவியற்பெயர் சைகோகிராமா பைகலரேட்டா என்பதாகும். பாலிஸ்டர் என்னும் பூச்சியியலார் 1953ஆம் ஆண்டில் இதனை விவரித்துப் பெயரிட்டார். நீளம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். ஒரு துவரைப் பருப்பின் அளவே எனலாம். தலை பழுப்பு நிறம். முதுகோடு வெளிறிய பால்நிறம்; அதன்மேல் கரும்பழுப்புக் கோடுகள் நெளிந்து நெளிந்து நீளவாட்டில் ஓடுகின்றன. வெள்ளோலையில் மைக்கோடு இழுத்தாற்போன்ற தோற்றம்.

பெண்வண்டு இலையின் அடிப்புறத்தில் தனித்தனியாகவோ சிறு கூட்டமாகவோ முட்டையிடும். ஒரு வாரத்திற்குள் புழுக்கள் வெளிவரும். அவை முதலில் குருத்தையும் கணுமொட்டையும் தின்னும். பின்னர் இலைப்பரப்பிற்கு நகரும். நான்கு பருவங்களைக் கடந்து முதிர்ந்த புழு மஞ்சள் நிறம் கொண்டு, செடியை விட்டிறங்கி மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகும். முட்டை முதல் வண்டு வரையிலான சுற்று ஏறத்தாழ ஒரு மாதத்தில் நிறைவுறும். மழைக்காலம் முழுவதும் தலைமுறைமேல் தலைமுறையாகப் பெருகும் இவ்வுயிர், ஈரம் குன்றிச் செடிகள் வாடத் தொடங்கும் காலத்தில் மண்ணுள் புதைந்து உறங்கிவிடும். அவ்வுறக்கம் பல மாதங்கள் நீளும். கோடை மழை மண்ணை நனைத்ததும் அது மீண்டும் வெளிவரும்.

இவ்வளவும் ஒரே ஒரு செடியை நம்பி நடைபெறுகின்றது என்பதே வியப்பு. அச்செடி பார்த்தீனியம்.

களையின் வரவு

பார்த்தீனியம் ஹிஸ்டெரோபோரஸ் என 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் பெயரிட்ட இச்செடி வெப்ப மண்டல அமெரிக்காவிற்குரியது. புணே நகரில் இது முளைத்திருந்ததைத் தாவரவியலார் ஆர். எஸ். ராவ் 1956ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் இந்தியாவிற்குப் புதிய பதிவாக வெளியிட்டார். பின்னர் இரண்டு மூன்று பத்தாண்டுகளில் தரிசு, சாலையோரம், இருப்புப்பாதை ஓரம், மேய்ச்சல் நிலம் என எங்கும் பரவிற்று. ஒரு செடி 15,000 முதல் 25,000 வரை விதைகளை ஈன வல்லது. அதன் உடலிலுள்ள பார்த்தெனின் என்னும் நச்சுப்பொருள் தொடுவார்க்குத் தோலழற்சியை உண்டாக்கும். பூந்தாது மூக்கழற்சியையும் ஆஸ்துமாவையும் தூண்டும். அயலிலுள்ள செடிகளின் முளைப்பையும் வளர்ச்சியையும் அது தடுக்கும். ஆடு மாடுகள் அதனை விரும்பி மேய்வதில்லை.

‘காங்கிரஸ் புல்’ என்றொரு பெயரும் வட இந்தியாவிலும் கன்னட நாட்டிலும் இதற்கு வழங்குகின்றது. உச்சியில் பூக்கும் வெண்மலர்கள் கட்சித் தொண்டரின் வெள்ளைக் குல்லாயை ஒத்திருத்தலால் வந்த பெயர் என்பர் சிலர். அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 சட்டத்தின்கீழ் இறக்குமதியான கோதுமையுடன் அந்த ஆட்சிக்காலத்தில் வந்தமையால் ஏற்பட்ட பெயர் என்பர் வேறு சிலர். பின்னைய கூற்றுப் பரவலாக நம்பப்படுவது. ஆனால் அச்சட்டத்தின்கீழ் இந்தியா செய்துகொண்ட முதல் ஒப்பந்தம் 1956 ஆகஸ்ட் மாதத்தது. புணேயில் செடி காணப்பட்டதோ அதற்கு முன்னரே. எனவே பின்வந்த கோதுமை இக்களையின் பரவலுக்குத் துணை செய்திருக்கலாமேயன்றி, அதன் முதல் வரவிற்குக் காரணம் என்றல் ஆண்டுக் கணக்கோடு பொருந்தவில்லை. ஊரார் வாய்ச்சொல் ஒரு செடிக்கே குற்றப்பத்திரிகை எழுதிவிடும் என்பதற்கு இது சான்று. வண்டிற்கும் அவ்வாறே நிகழவிருந்தது.

வண்டின் வரவு

ஒரு செடி தன் தாயகத்தில் அளவோடு வளர்வதற்கும் அயலகத்தில் அடங்காது பெருகுவதற்கும் ஒரு காரணம், அதனை உண்ணும் உயிர்கள் அதனுடன் வாராமையே. அவற்றுள் தக்கதொன்றைத் தாயகத்தினின்று கொணர்ந்து விடுதல் உயிரியல் முறைக் களைக்கட்டுப்பாடு எனப்படும். இம்முறையின் உயிர்நாடி, கொணரும் உயிர் களையைத் தவிரப் பிறிதொன்றை உண்டு வாழாமை. ஆதலின் அதனை அடைத்துவைத்து, பயிர்ச்செடிகள் பலவற்றை ஒவ்வொன்றாக அதன்முன் இட்டு, உண்கின்றதா, உண்டு வளர்ந்து முட்டையிடுகின்றதா எனச் சோதித்த பின்னரே வெளியில் விடுவர்.

ஆஸ்திரேலியாவின் குவீன்சுலாந்து மாநிலத்தில் 1980ஆம் ஆண்டில் இவ்வண்டு விடப்பட்டது. இந்தியாவிற்கு 1983ஆம் ஆண்டில் மெக்சிகோவிலிருந்து கொணரப்பட்டது. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் கே. பி. ஜெயந்த் முதலிய ஆய்வாளர் அதனைச் சோதித்தனர். 1984ஆம் ஆண்டில் வெளியில் விட்டனர். முதல் சில ஆண்டுகள் அதன் இருப்பே புலப்படவில்லை. 1988ஆம் ஆண்டு வாக்கில் பெங்களூரைச் சுற்றிப் பார்த்தீனியச் செடிகள் இலையின்றி வெறுங்காம்பாய் நின்றன. அவை நின்ற இடத்தில், அதுவரை ஒடுங்கிக் கிடந்த பிற செடிகள் மெல்லத் தலைகாட்டின. தொண்ணூறுகளின் நடுவில் கருநாடகத்திலும் அதனை ஒட்டிய ஆந்திர, தமிழகப் பகுதிகளிலும் வண்டு பரவியிருந்தது.

வழக்கு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கருநாடகத்துச் சூரியகாந்தி வயல்களில் இவ்வண்டு காணப்பட்டது. காணப்பட்டதோடு நில்லாமல் இலையையும் கடித்திருந்தது. உழவர் அஞ்சினர். ஆய்வாளரிடையேயும் கருத்து வேறுபாடு எழுந்தது. களையை அழிக்க அரசே கொணர்ந்த பூச்சி பயிரை அழிக்கத் தொடங்கிவிட்டதென நாளிதழ்களிலும் பேச்சு எழுந்தது.

அவ்வச்சம் காரணமற்றதன்று. சூரியகாந்தியும் பார்த்தீனியமும் ஒரே தாவரக் குடும்பத்தின் ஒரே கிளையைச் சார்ந்தவை. இவ்வண்டின் உடன்பிறப்பு எனத்தக்க மற்றொரு சிறப்பினம், சைகோகிராமா எக்ஸ்கிளமேஷனிஸ் என்பது, வட அமெரிக்காவில் சூரியகாந்தியைத் தின்னும் பேர்பெற்ற பயிர்ப்பகை. முதுகோட்டில் ஒரு குறுங்கோடும் அதன் முனையில் ஒரு புள்ளியும் வியப்புக்குறி போல் அமைந்திருத்தலால் அதற்கு அப்பெயர். இன்னும் சற்றுத் தொலைவிலுள்ள உறவு, கொலராடோ உருளைக்கிழங்கு வண்டு. அது தொடக்கத்தில் முள்ளடர்ந்த காட்டுச் செடியொன்றை உண்டு வாழ்ந்தது. 1859ஆம் ஆண்டளவில் நெப்ராஸ்காப் பகுதியில் உருளைக்கிழங்குப் பயிருக்கு மாறிற்று. பின்னர் அட்லாண்டிக் கடந்து ஐரோப்பாவையும் அலைக்கழித்தது. ஒரு தாயாதி சூரியகாந்தியைத் தின்பவன். மற்றொரு தாயாதி உணவை மாற்றிக்கொண்டவன். இந்நிலையில் இவ்வண்டை ஐயுறாதார் யார்?

நடுவண் அரசு உண்மை அறியும் குழு ஒன்றை அமைத்தது. வண்டினைப் புதிய இடங்களில் விடுவது நிறுத்தி வைக்கப்பட்டது.

தீர்ப்பு

இவ்விடத்தில் ஆய்வாளர் செய்த செயல் நோக்கத்தக்கது. உழவர் கண்டது பொய் என அவர்கள் தள்ளிவிடவில்லை. வண்டு சூரியகாந்தி இலையைக் கடித்தது உண்மை. ஏன் கடித்தது, எங்குக் கடித்தது, கடித்து வாழ்ந்ததா என்பனவே எஞ்சிய வினாக்கள். இலையில் கண்ட வடு ஒன்றுதான்; அதற்குரிய விளக்கங்கள் பல.

ஜெயந்த் முதலியோர் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை விடையைக் காட்டிற்று. சூரியகாந்தி வயலினுள்ளும் வரப்பிலும் பார்த்தீனியம் நின்றது. அதன் பூந்தாது காற்றில் பறந்து சூரியகாந்தி இலைமேல் படிந்தது. அப்பூந்தாதே வண்டினை உண்ணத் தூண்டிற்று. அருகிலிருந்த களை முழுவதும் தின்னப்பட்டு மொட்டையானபின், பசித்து அலைந்த வண்டுகள், தமக்குரிய செடியின் தாது படிந்த இலையைத் தம் செடியென்றே மயங்கிக் கடித்தன. சூரியகாந்தியை மட்டும் உண்டு தலைமுறை பெருக்க அவற்றால் இயலவில்லை. பயிருக்குப் பொருட்படுத்தத்தக்க இழப்பும் நேரவில்லை. வயலோரத்துக் களையை அகற்றினால் வண்டின் மயக்கமும் அகலும்.

சிலப்பதிகாரம் கற்றார்க்கு இவ்வழக்கு புதிதாகத் தோன்றாது. ஒத்த தோற்றமுடைய சிலம்பு ஒன்றைக் கண்டே கோவலனுக்குத் தீர்ப்பு வழங்கப்பட்டது. உள்ளிருந்த பரல் முத்தா, மாணிக்கமா என உடைத்துப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. இங்கோ காலம் கடப்பதற்குமுன் உடைத்துப் பார்க்கப்பட்டது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு தாதுத்துகளே மாணிக்கப் பரலாய் நின்றது.

தடை பின்னர் விலகிற்று. ஜபல்பூரிலுள்ள களை ஆராய்ச்சி நிறுவனம் இவ்வண்டினை வளர்த்துப் பல மாநிலங்களுக்கு வழங்கி வந்துள்ளது. நாட்டின் எல்லைக்கோட்டை அறியாத அவ்வுயிர் தானே பறந்து பாகிஸ்தானையும் அடைந்தது. 2009ஆம் ஆண்டில் நேபாளத்திலும் காணப்பட்டது. தென்னாப்பிரிக்கா 2013ஆம் ஆண்டில் தன் சோதனைகளை முடித்து அதனை ஏற்றுக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் அதன் பயனை நீண்டகாலம் அளந்தறிந்தோருள் திலீபன் என்னும் தமிழ்ப்பெயர் தாங்கிய ஆய்வாளரும் ஒருவர்.

குற்றமற்றது என்பதனால் வண்டு எல்லாம் வல்லது எனக் கொள்ளுதலும் பிழை. மழை தொடங்கியதும் விதைகள் திரளாக முளைத்துவிடுகின்றன. மண்ணுறக்கம் கலைந்து வரும் வண்டுகளோ தொடக்கத்தில் சில. அவை பெருகுவதற்குள் செடி பூத்துவிடுதலும் உண்டு. இலையிழந்த செடி மீண்டும் துளிர்த்தலும் உண்டு. வறண்ட கோடையில் வண்டின் பணி அறவே நின்றுவிடும். பூப்பதற்குமுன் வேரோடு பிடுங்கும் கைகள் இன்றும் வேண்டப்படுகின்றன. பழிச்சொல்லும் மிகைப்புகழும் ஒன்றுபோலவே ஓருயிரின் இயல்பை மறைக்கும்.

பெயர்ப்பிழை செய்த தீங்குகள்

உயிரியல் கட்டுப்பாட்டின் வரலாற்றில் பெயர் மயக்கம் பலமுறை விளையாடியிருக்கின்றது. 1795ஆம் ஆண்டில் செந்நிறச் சாயம் எடுத்தற்குரிய உயர்ந்த சாயப்பூச்சி எனக் கருதிப் பிரேசிலிலிருந்து கல்கத்தாவிற்கு ஒரு பூச்சி கொணரப்பட்டது. வந்தது வேறினம். சாயம் தேறவில்லை, ஆனால் அது சப்பாத்திக்கள்ளி வகையொன்றைத் தின்று அழித்தது. அது தற்செயலாய் விளைந்த நன்மை. அப்பூச்சியால் அடங்காத மற்றொரு வகைக் கள்ளி தென்னிந்தியாவில் பரவி நின்றபோது, 1926ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து அதற்குரிய பூச்சியைக் கொணர வேண்டியதாயிற்று. கள்ளி என்பது பொதுப்பெயர்; பூச்சிக்கோ அந்தக் கள்ளி வேறு, இந்தக் கள்ளி வேறு.

மற்றொரு பிழை நெடுங்காலத்தை வீணாக்கிற்று. கேரளத்தின் காயல்களையும் வாய்க்கால்களையும் அடைத்துக்கொண்டு ‘ஆப்பிரிக்கன் பாயல்’ எனப் பெயர் பெற்ற சால்வினியா என்னும் நீர்ப்பெரணி, பல்லாண்டுகள் அதன் உறவினம் ஒன்றின் பெயராலேயே வழங்கப்பட்டது. அவ்வுறவினத்தின்மேல் வாழும் பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டனர். அவை களையை அடக்கவில்லை. 1972ஆம் ஆண்டில் மிட்செல் என்பவர் அது தனிச்சிறப்பினம் எனக் காட்டி, சால்வினியா மொலஸ்டா எனப் பெயரிட்டார். அதன்பின்னரே அதன் தாயகம் தென்கிழக்குப் பிரேசில் என்பது தெளிந்தது. அங்குக் கிடைத்த கூன்வண்டும் முன்னரே அறியப்பட்ட ஒன்றெனக் கருதப்பட்டு, 1985ஆம் ஆண்டில் புதியதெனப் பெயர் பெற்றது. அக்கூன்வண்டே கேரளத்து நீர்நிலைகளைத் திறந்துவிட்டது. சரியான பெயர் கிட்டும்வரை சரியான மருந்தும் கிட்டவில்லை.

சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தோர் இதன் அருமையை நன்கறிவர். ஓரெழுத்து மாறினால் ஒரு பூவின் பெயர் மாறும். பூ மாறினால் திணையே மாறும். பாடத்தைத் திருத்துமுன் ஏன் இவ்வாறு எழுதப்பட்டது என எண்ணிப்பார்த்தல் நல்ல பதிப்பாசிரியர் இயல்பு. சூரியகாந்தி இலையிலிருந்த வடுவை அவ்வாறு எண்ணிப்பார்த்தவர்கள் பூச்சியியலார்.

ஒரு பெயர் வேண்டும்

இவ்வண்டிற்குத் தமிழில் வழங்கும் பெயர் யாது? வேளாண் துறையினர் ‘மெக்சிகன் வண்டு’ என்கின்றனர். அது பிறந்த ஊரைச் சுட்டுமேயன்றிப் பண்பைச் சுட்டாது. அன்றியும், அவரைக் குடும்பப் பயிர்களைத் தின்று அழிக்கும் வேறொரு வண்டு ‘மெக்சிகன் பீன்ஸ் வண்டு’ என உலகெங்கும் அறியப்பட்டுள்ளது. அது பொறிவண்டுக் குடும்பத்தைச் சார்ந்தது, மெய்யாகவே பயிர்ப்பகை. ஊர்ப்பெயர் ஒன்றையே இரண்டிற்கும் வழங்கினால், நாளை ஓர் உழவர் தீயதன் பெயரைக் கேட்டு நல்லதன்மேல் நஞ்சு தெளிக்க நேரலாம். முன்பு தோற்ற ஒப்புமையால் வந்த இடர் இனிப் பெயர் ஒப்புமையாலும் வருதல் வேண்டா.

அறிவியற்பெயரே ஒரு வழியைக் காட்டுகின்றது. சைகோகிராமா என்பது கிரேக்கச் சொற்கள் இரண்டின் கூட்டு. முன்னது நுகத்தடி, இணைப்பு என்னும் பொருளது. பின்னது கோடு, எழுத்து என்னும் பொருளது. தமிழில் ‘வரி’ என்னும் ஒரே சொல் கோட்டையும் குறிக்கும். எழுதப்பட்ட எழுத்தையும் குறிக்கும். புலியின் மேனியில் இருப்பதும் வரி. ஏட்டில் இருப்பதும் வரி. கிரேக்கச் சொல் தாங்கிய இரு பொருளையும் ஒருங்கே தாங்கத் தமிழில் ஒரு சொல் ஆயத்தமாக இருக்கின்றது. எனவே இப்பேரினத்தை ‘இணைவரி வண்டு’ எனவும், இச்சிறப்பினத்தைப் ‘பார்த்தீனிய இணைவரி வண்டு’ எனவும் வழங்குதல் பொருந்தும். உறவினமாகிய சூரியகாந்திப் பகையைச் ‘சூரியகாந்தி இணைவரி வண்டு’ என்றால், இரண்டும் ஒரு குடியைச் சார்ந்தவை என்பதும், இரண்டின் உணவும் வேறு என்பதும் பெயரளவிலேயே விளங்கும்.

கலைச்சொல்லாக்கம் துறையறிஞர்க்கே உரியதென இலக்கியக் கழகங்கள் ஒதுங்கி நிற்றல் கூடாது. ஞிமிறு வேறு, சுரும்பு வேறு எனப் பிரித்தறிந்து பெயரிட்ட மொழி இது. அவ்வறிவு பூவோடு நின்றுவிடாமல் இலையின் அடிப்புறத்திற்கும் செல்லுதல் வேண்டும்.

மழைக்குப் பின் சாலையோரத்தில் பார்த்தீனியம் நிற்கும் இடத்தில், அதன் இலைகள் அரிக்கப்பட்டு நரம்பு மட்டும் எஞ்சியிருக்குமாயின், இலையை மெல்லத் திருப்பிப் பார்த்தல் நன்று. வெளிறிய முதுகில் கருவரி நெளிய ஒரு சிற்றுயிர் அங்கு இருக்கக்கூடும். அது இணைவரி வண்டு என அறிந்தவர் அதன்மேல் நஞ்சு தெளிக்க மாட்டார். அயலவர் தெளிக்க முற்பட்டால் தடுத்துச் சொல்லவும் அவரிடம் ஒரு சொல் இருக்கும்.